பெட்டியடிப் பையனுக்குப் பின் வந்தவர்கள்

செட்டிநாட்டில் ஒரு காலம்வரை, பெரியவனாகி என்ன செய்யப் போகிறாய் என்று பிள்ளைகளிடம் யாரும் கேட்டதில்லை. நகரத்தார் (செட்டியார்) வீட்டில் பிறந்த ஆண்பிள்ளைக்கு வழி முன்பே போட்டிருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எஞ்சுவடி மனப்பாடம் செய்வான். முந்திரி, மாகாணி, அரைக்கால் என்று பின்னக் கணக்குப் படிப்பான். காகிதம் தொடாமல் வாயாலேயே வட்டி போடப் பழகுவான். பத்துப் பன்னிரண்டு வயதில் ஏதாவதொரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்துவிடுவான். கணக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எடுபிடி வேலை பார்த்து, கடன் கேட்டு வருபவனைப் பெரியவர்கள் எப்படி எடைபோடுகிறார்கள் என்று கவனிப்பான். பிறகு அடுத்தாள். அதற்கும் பிறகு, ஒரு கடையையே பொறுப்பேற்று நடத்தும் மேலாள். மூன்று ஆண்டு ஒரு கணக்கு. கணக்கு முடித்து ஊர் திரும்புவான், குடும்பத்தோடு சில காலம் இருப்பான், மறுபடி கப்பலேறுவான். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் தன் விலாசத்தில் சொந்தக் கடை.

ரங்கூன், மோல்மேன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று அந்தக் கடைகள் விரிந்து கிடந்தன. 1929–30இல் பர்மாவில் நடந்த வங்கி விசாரணைக் குழுவின் கணக்குப்படி அங்கே மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் தேவகோட்டையிலும் நாம் இன்று அண்ணாந்து பார்க்கும் வீடுகள் அந்தக் கடைகளின் வருமானத்தில் எழுந்தவை. அந்தப் பையன்களில் பாடத் தெரிந்தவனும் படம் போடத் தெரிந்தவனும் யாப்புப் படித்தவனும் நிச்சயம் இருந்திருப்பார்கள். அவர்களுடைய திறமைக்கு மாலைப் பொழுது இருந்தது, கோயில் திருப்பணி இருந்தது, முதுமை இருந்தது. தொழிலில் மட்டும் இடமில்லை. எதைத் தேர்ந்தெடுப்பது என்ற வேதனை அவர்களுக்கு வராததற்குக் காரணம், தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களிடம் இல்லை என்பதுதான்.

அந்த வழி எப்போது அடைபட்டது என்பதை ஏறத்தாழ ஆண்டு சொல்லியே குறிக்கலாம். 1930இல் உலகப் பொருளாதார மந்தத்தால் அரிசி விலை விழுந்தது. பர்மிய விவசாயி கடனைத் திருப்ப முடியாமல் நிலத்தைக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம் 1938க்குள் 25 பங்காக ஏறியது. காசாக வரவேண்டியது மண்ணாக வந்தது, மண்ணோடு அந்த நாட்டு மக்களின் நியாயமான கோபமும் சேர்ந்து வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான் ரங்கூன்மீது குண்டு போட்டபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் கால்நடையாகவும் கப்பலிலும் தப்பி ஓடினார்கள். 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. 1960களில் நே வின் ஆட்சி மிச்சமிருந்த கடைகளையும் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது.

இந்தச் சரிவு பொருளாதார வரலாறாக நிறைய எழுதப்பட்டிருக்கிறது. நான் பார்க்க விரும்புவது வேறொன்று. கொண்டுவிற்கப் போவது, அதாவது தொழிலுக்காகக் கடல் கடப்பது, என்ற ஒற்றை வழி ஆட்டம் கண்ட அந்த இருபது ஆண்டுகளில்தான், பல திறமையுள்ள ஓர் இளைஞன் அவற்றில் எதை வாழ்க்கையாக்கிக்கொள்வது என்ற கேள்வி செட்டிநாட்டுக்குள் நுழைகிறது. ஏவி. மெய்யப்பன் காரைக்குடியில் 1907இல் பிறந்தார். சா. கணேசன் 1908இல். கோட்டையூர் அழகப்பர் 1909இல். கோட்டையூரிலேயே ரோஜா முத்தையா 1926இல். சிறுகூடல்பட்டி முத்தையா, அதாவது கண்ணதாசன், 1927இல். இவர்களில் எவரும் தகப்பன், பாட்டன் போன வழியில் முழுக்கப் போகவில்லை. போக வழியும் இல்லை. ஒரு சிறு வட்டாரத்தில் இருபதே ஆண்டு இடைவெளியில் இத்தனை வகைப்பட்ட வாழ்க்கைகள் கிளம்பியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கண்ணதாசனில் தொடங்குகிறேன், ஏனென்றால் அவரிடம்தான் இந்தத் தவிப்பு மறைப்பில்லாமல் தெரிகிறது. சாத்தப்பன் – விசாலாட்சி ஆச்சி தம்பதியின் பல பிள்ளைகளில் ஒருவர். சிறு வயதிலேயே இன்னொரு வீட்டுக்குப் பிள்ளை கூட்டப்பட்டு, அதாவது தத்துப் போய், அங்கே நாராயணன் என்று அழைக்கப்பட்டார். பள்ளிப்படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. சென்னைக்கு வந்து திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். புதுக்கோட்டையில் 'திருமகள்' பத்திரிகையில் ஆசிரியரானார், கண்ணதாசன் என்ற பெயர் நின்றது. 1949இல் 'கன்னியின் காதலி' படத்துக்கு முதல் திரைப்பாட்டு. திராவிட முன்னேற்றக் கழக மேடைகளில் பேச்சு. 1953இல் கல்லக்குடிப் போராட்டத்தில் சிறை, சிறையில் 'மாங்கனி' காவியம். 1954இல் 'தென்றல்' பத்திரிகை. 1957இல் திருக்கோஷ்டியூர்த் தொகுதியில் போட்டி, தோல்வி. அடுத்த ஆண்டு 'மாலையிட்ட மங்கை' படத் தயாரிப்பு, வெற்றி. அதற்கடுத்த ஆண்டு மருது சகோதரர்கள் கதையை 'சிவகங்கைச் சீமை' என்று எடுத்தார். தன் சொந்த மண்ணின் கதை, மனம் வைத்து எடுத்த படம். ஆனால் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வெளியான அதே 1959 மே மாதத்தில் வெளிவந்து வசூலில் அடிவாங்கியது. 1960இல் 'கவலை இல்லாத மனிதன்'. அந்தப் படம் அவருக்குக் கொடுத்தது கடன். 1961இல் ஈ.வெ.கி. சம்பத்துடன் கழகத்தை விட்டு வெளியேறினார், பின்னர் காங்கிரஸ். இதற்கிடையே நாவல், கட்டுரை, தன்வரலாறு, நடிப்பு.

இவற்றில் பெரும்பாலானவை முப்பத்து நான்கு வயதுக்குள். அரசியலில் கழித்த காலத்தை அவரே பின்னால் 'வனவாசம்' என்று பெயரிட்டுப் புத்தகமாக எழுதினார். தன் தேர்வுகளைப் பற்றி இவ்வளவு கடுமையாகத் தனக்கே எதிராகச் சாட்சி சொன்ன எழுத்தாளர்கள் தமிழில் குறைவு. அதைப் படிப்பவர் பலரும், இந்த மனிதர் பாட்டு மட்டும் எழுதியிருந்தால் போதுமே என்று பெருமூச்சு விடுவார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கடன்காரன் வாசலில் நிற்பதும், தலைவன் கைவிடுவதும், தேர்தல் முடிவு வருகிற ராத்திரியும் அனுபவமாகக் கிடைத்திராத ஒரு கவிஞரிடமிருந்து அந்த எளிய சொற்களில் அவ்வளவு கனம் வந்திருக்குமா? மேடைப் பேச்சு அவர் வரிக்குப் பேச்சுநடை கொடுத்தது. பத்திரிகை வேலை கெடுவுக்குள் எழுதும் வேகத்தைக் கொடுத்தது. படத் தயாரிப்பு கொடுத்த கடன் அவரை மேலும் மேலும் பாட்டு எழுத உட்கார வைத்தது. 'குழந்தைக்காக' படப் பாட்டுக்கு தேசிய விருது, 1978இல் அரசவைக் கவிஞர் பதவி, 1980இல் 'சேரமான் காதலி' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது. 1981 அக்டோபர் 17இல் சிகாகோவில் காலமானபோது அவருக்கு வயது 54.

இந்தச் சிதறலுக்கு அவர் விலை கொடுத்தார், அவர் குடும்பமும் கொடுத்தது. அதை அழகுபடுத்திச் சொல்வது தவறு. ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. பேச்சு, பத்திரிகை, தேர்தல், படத் தயாரிப்பு, பாட்டு ஆகிய ஐந்தையும் அவர் வீட்டில் உட்கார்ந்து யோசித்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் எதில் தனக்கு ஈடு இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ஐந்திலும் இறங்கினார். நாலில் அவரைவிடச் சிறந்தவர்கள் இருந்தார்கள். ஒன்றில் இல்லை.

இந்த இடத்தில் மனோதத்துவ ஆய்வு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். பல துறைகளில் ஒரே அளவு திறமையும் நாட்டமும் உள்ள மாணவர்கள் எதைப் படிப்பது என்று முடிவெடுக்க முடியாமல் திணறுகிறார்கள் என்று அமெரிக்க வழிகாட்டு ஆலோசகர்கள் 1970களிலிருந்தே எழுதிவந்தார்கள். 1972இல் ரொனால்ட் ஃபிரெட்ரிக்சனும் ஜான் ராத்னியும் இதைப் பற்றி ஒரு நூலே தொகுத்தார்கள். கிட்டத்தட்ட கால் நூற்றாண்டு இது கேள்வியில்லாமல் ஏற்கப்பட்டது. 1996இல் ஜான் ஆக்டர், டேவிட் லுபின்ஸ்கி, கமிலா பென்பௌ மூவரும் அதை அசைத்துப் பார்த்தார்கள். மிகத் திறமையான ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் திறன், நாட்டம், அவர்கள் எதை மதிக்கிறார்கள் என்ற மூன்றையும் அளந்தார்கள். ஆனால் அந்த வயதுக்குரிய சாதாரணத் தேர்வை வைக்காமல், அவர்களைவிட மூத்தவர்களுக்கான கடினத் தேர்வை வைத்தார்கள். முடிவு: எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. மற்ற எல்லாரிடமும் மேடு பள்ளம் தெளிவாகத் தெரிந்தது.

காரணம் எளிது. தேர்வு சுலபமாக இருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். நூறுக்கு மேல் மதிப்பெண் கிடையாது. கணக்கில் அந்தப் பிள்ளை இருநூறு வாங்கக்கூடியது, உயிரியலில் நூற்றுப்பத்துதான் என்பது அந்தத் தாளில் தெரியவே தெரியாது. நம் பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் எல்லாப் பாடத்திலும் சதம் அடித்த பிள்ளையின் படம் பத்திரிகையில் வருகிறது. அதே பிள்ளை அடுத்த மாதம் எந்த குரூப் எடுப்பது என்று தெரியாமல் அழுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்று. அந்தப் பிள்ளைக்கு இன்னும் கடினமான எதுவும் வரவில்லை.

கண்ணதாசனுக்கு அந்தக் கடினத் தேர்வை வாழ்க்கை வைத்தது. ஆனால் ஆய்வு சொன்ன மூன்றாவது அம்சத்தை, ஒருவர் எதை மதிக்கிறார் என்பதை, அவரைக் கொண்டு விளக்க முடியாது. அதற்குக் கோட்டையூர் போக வேண்டும்.

அழகப்பர் உண்மையாகவே பல துறைகளில் மேல்மட்டத்துக்குப் போனவர். 1909 ஏப்ரல் 6இல் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்தபோது வயது 21. லண்டனில் சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். அங்கேயே சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி எடுத்தார். க்ராய்டனில் விமானம் ஓட்டப் பழகி உரிமம் வாங்கினார். இலக்கியப் பேராசிரியராகலாம், வழக்கறிஞராகலாம், வங்கி அதிகாரியாகலாம். இன்றைய பெற்றோருக்கு இதில் ஏதாவது ஒன்று கிடைத்தாலே போதும். உடலை வருத்திய நோயோடு ஊர் திரும்பியவர் தொழிலில் இறங்கினார். கொச்சி ராஜ்யத்தில் துணி ஆலை தொடங்கினார், அந்த இடம் இன்றும் அழகப்பா நகர்தான். மலேயாவில் ரப்பர்த் தோட்டம், பர்மாவில் வெள்ளீயச் சுரங்கம், காப்பீடு, பங்கு வணிகம், சினிமா தியேட்டர், ஹோட்டல், ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம். ஆங்கில அரசு 'சர்' பட்டம் கொடுத்தது. நாடு விடுதலை பெற்ற பின் அதைத் துறந்தார்.

இந்த வரிசையை மட்டும் பார்த்தால், எதிலும் நிலைகொள்ளாமல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய ஒரு பணக்காரரின் கதை போலத் தோன்றும். 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் அந்தத் தோற்றம் மாறியது. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், கிராமப்புறங்களில் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டார். அதே கூட்டத்தில் அழகப்பர் எழுந்து காரைக்குடியில் தொடங்குவதாக அறிவித்தார். அடுத்த மாதமே, ஆகஸ்டில், காந்தி மாளிகையில் கல்லூரி நடக்க ஆரம்பித்தது. கட்டடம் கட்டி முடியட்டும் என்று காத்திருக்கவில்லை.

அடுத்த பத்து ஆண்டுகளில் காரைக்குடிக்கும் கோட்டையூருக்கும் நடுவில் கிடந்த பொட்டலில் கலைக் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, உடற்பயிற்சிக் கல்லூரி, பாலிடெக்னிக், மழலையர் பள்ளி என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரிக்கு 1944இலேயே அவர் 5 லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்தார். சுதந்திர இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களை எங்கெங்கே அமைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருகிறேன், ஒன்றைக் காரைக்குடிக்குக் கொடுங்கள் என்றார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில், சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து வைத்தார். துறைமுகமோ பெரிய ஆலையோ இல்லாத வறண்ட பூமியில் அரிமானத்தையும் மின்கலத்தையும் ஆராயும் தேசிய நிறுவனம் ஒன்று இருப்பதற்கு வேறு விளக்கம் கிடையாது.

இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். அழகப்பர் தன் திறமைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றைக் கைவிடவில்லை. செய்ய வேண்டிய காரியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் காரியம் அவருடைய ஒவ்வொரு திறமையையும் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொண்டது. பல்கலைக்கழகத்தாரோடு சமமாகப் பேச மாநிலக் கல்லூரிப் படிப்பு உதவியது. அறக்கட்டளை ஆவணம் எழுதச் சட்டம் உதவியது. கல்லூரிக்கு வேண்டிய பணத்தைப் புரட்ட வங்கியறிவும் பங்கு வணிகமும் உதவின. கடைசியில் தான் குடியிருந்த வீட்டையும் பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். 1957 ஏப்ரல் 5இல் இறந்தபோது 48ஆம் பிறந்தநாளுக்கு ஒரு நாள் மீதமிருந்தது. நோய் அவருக்கு நாள் குறைவு என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கும். அந்த அவசரம் தேர்வைச் சுலபமாக்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

அழகப்பரிடம் பணம் இருந்தது, அதனால் முடிந்தது என்று சொல்லலாம். அப்படிச் சொல்பவர்களுக்கு அதே கோட்டையூரில் இன்னொருவரைக் காட்டுகிறேன். ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெயரோடு ஒட்டிய 'ரோஜா' அந்தத் தொழிலிலிருந்து வந்தது. வரையத் தெரியும், எழுத்து வடிவங்களில் தேர்ச்சி உண்டு, ஏராளமாகப் படிப்பார், பழைய பொருள் எதைப் பார்த்தாலும் மனம் அங்கே நின்றுவிடும். 1950 வாக்கில் பழைய நூல்களைச் சேர்க்க ஆரம்பித்தார். நாவல், நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, கடிதம் என்று மற்றவர்கள் எடைக்குப் போட்டதையெல்லாம் வாங்கி வந்தார். பூச்சி அரிக்காமல் காப்பதும், கிழிந்ததைத் தைத்துக் கட்டுவதும், வேண்டும்போது எடுக்கும்படி வகை பிரிப்பதும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் கற்றவை. 1992இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அயல்நாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. 19ஆம், 20ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை எழுத வருகிற எந்த ஆய்வாளரும் இன்று அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. படம் போடுவதா, படிப்பதா, சேகரிப்பதா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பழைய தமிழ்க் காகிதம் அழியக்கூடாது என்பது அவருக்கு முக்கியமாக இருந்தது, மற்றவை அதற்குக் கீழே ஒழுங்காக வந்து உட்கார்ந்தன.

சா. கணேசனுக்கு அந்த இடத்தில் கம்பன் இருந்தான். விடுதலைப் போராட்ட வீரர், 1962இல் சுதந்திராக் கட்சி சார்பில் காரைக்குடி சட்டமன்ற உறுப்பினர், கல்வெட்டும் சிற்பமும் படித்தவர், பிள்ளையார்பட்டி வரலாற்றை ஆராய்ந்தவர். 1939இல் அவர் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகம் மற்ற ஊர்க் கம்பன் கழகங்களுக்கு முன்மாதிரியானது. அவர் அடிபோட்ட தமிழ்த்தாய்க் கோயில், 1982இல் அவர் மறைந்து பதினோரு ஆண்டு கழித்துத் திறக்கப்பட்டது.

ஏவி. மெய்யப்பன் வேறு மாதிரி. அவர் எதையும் விட்டுத் தாவியதாக எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் காரைக்குடிக் கடையில் விற்ற கிராமபோனிலிருந்து இசைத்தட்டுத் தயாரிப்புக்கு, இசைத்தட்டிலிருந்து படத்துக்கு என்று, ஒன்றின் உள்ளேயிருந்தே அடுத்ததுக்கு வாசல் திறந்துகொண்டு போனார். தேவகோட்டை ரஸ்தாவில் அமைத்த ஸ்டூடியோவில் எடுத்த 'நாம் இருவர்' 1947 பொங்கலுக்கு வந்தது. மறு ஆண்டு கோடம்பாக்கம் போனார்.

இதுவரை சொன்னவர்களெல்லாம் பெயர் நின்றவர்கள். பல திறமைகளை வைத்துக்கொண்டு எதிலும் வேர்பிடிக்காமல், கடனோடும் மனக்குறையோடும் போனவர்கள் இதே தெருக்களில் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்கள் இல்லை. ஆகவே பலவற்றில் இறங்கினால் கண்ணதாசன் ஆகலாம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

இன்னொரு பெரிய இடைவெளி, நகரத்தார் வீட்டுப் பெண்களான ஆச்சிமார். ஆண்கள் மூன்று மூன்று ஆண்டாகக் கடல் கடந்திருந்த அந்தக் காலத்தில் வளவைக் காத்தது அவர்கள். வயல் குத்தகை, வரவு செலவு, கைமாற்று வட்டி, பிள்ளைகள் படிப்பு, கல்யாணச் சீர் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இவ்வளவுக்கும் நடுவில் பனையோலையில் வண்ணக் கொட்டான் முடைந்தார்கள். அந்த வேலைப்பாட்டைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை கணக்கும் கண்ணும் கேட்கும் வேலை என்று தெரியும். ஒரு நிறுவனத்தையே நடத்தக்கூடிய திறமைகள் வீட்டுவேலை என்ற ஒற்றைப் பெயரில் அடங்கிப்போயின. தேர்ந்தெடுக்க முடியாமல் தவிப்பது ஒரு துன்பம். தேர்ந்தெடுக்க எதுவுமே கொடுக்கப்படாதது அதைவிடப் பெரிய துன்பம். அதை ஒரு நூற்றாண்டு இந்தப் பெண்கள் சுமந்தார்கள். இன்று அழகப்பா பல்கலைக்கழக வாசலில் மாலையில் வெளியே வரும் பெண்களின் கூட்டத்தைப் பார்க்கும்போது அந்தக் கணக்கு கொஞ்சமாவது நேராகிறது என்று தோன்றுகிறது.

இப்போது பெட்டியடிப் பையனிடம் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அந்த முறையை நாம் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அதில் கட்டாயம் இருந்தது, அது கொடுமை. பத்து வயதுப் பையனைத் தாயிடமிருந்து பிரித்துக் கடல் தாண்டி அனுப்பியதை யாரும் திரும்பக் கொண்டுவர விரும்பமாட்டார்கள். சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம், மேடானில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' என்ற அவருடைய இரண்டு நாவல்களையும் படித்தால் அந்த வாழ்வின் தனிமை விளங்கும். ஆனால் அந்த முறைக்குள் இன்னொன்றும் இருந்தது. உண்மையான கடை, உண்மையான பணம், உண்மையான வாடிக்கையாளர். பெட்டியடிப் பையன் அடுத்தாளாவதும் மேலாளாவதும் அவன் வேலையைப் பார்த்துத்தான் நடந்தது. யாருக்கு ஆளை எடைபோடத் தெரிகிறது, யாருக்குக் கணக்கில் மட்டும் கை ஓடுகிறது என்பது மூன்று ஆண்டில் அவனுக்கும் தெரிந்துவிடும், முதலாளிக்கும் தெரிந்துவிடும். ஆக்டரும் அவர் தோழர்களும் கடினத் தேர்வு வைத்துக் கண்டுபிடித்ததை அந்தக் கடை தன் போக்கில் செய்துகொண்டிருந்தது.

நாம் அந்த முறையின் கட்டாயத்தை வைத்துக்கொண்டு சோதனையைத் தொலைத்துவிட்டோம். பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு முடிவு வந்த சில நாளில், ஃபர்ஸ்ட் குரூப்பா, கம்ப்யூட்டர் சயின்ஸா, காமர்ஸா என்று முடிவு செய்யச் சொல்கிறோம். அந்தப் பிள்ளை அதுவரை ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் நின்றதில்லை. ஒரு கடையின் வரவு செலவைப் பார்த்ததில்லை. கையால் ஒரு பொருளைச் செய்து விற்றதில்லை. பாடவும் வரையவும் கணக்குப் போடவும் தெரிந்த பிள்ளையிடம், முதல் இரண்டையும் மூட்டைகட்டி வை என்று சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லுக்கு ஆதாரமும் இல்லை. நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர்களைப் பற்றி ராபர்ட் ரூட்–பெர்ன்ஸ்டீன் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு, சாதாரண அறிவியலாளர்களைவிட அவர்கள் இசை, ஓவியம், கைவினை, எழுத்து போன்றவற்றில் அதிகம் ஈடுபட்டிருந்ததைக் காட்டியது. பக்கத்துத் திறமை முக்கியத் தொழிலைத் தின்றுவிடும் என்ற நம் பயத்தை அந்த ஆய்வு ஆதரிக்கவில்லை.

ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பது எளிது என்று நான் சொல்ல வரவில்லை. காலம் ஒன்றுதான், உடம்பு ஒன்றுதான், எதையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். அழகப்பர்கூட விமானம் ஓட்டிக்கொண்டே கல்லூரி நடத்தவில்லை. ஆனால் உட்கார்ந்து யோசித்து எதை விடுவது என்று கண்டுபிடிக்க முடியாது, இறங்கிப் பார்த்தால்தான் தெரியும் என்பதற்கு இந்த வட்டாரத்து வாழ்க்கைகள் போதுமான சாட்சி. இறங்கிப் பார்ப்பதற்குக் கண்ணதாசன் கொடுத்த விலையை ஒவ்வொரு பிள்ளையும் கொடுக்க வேண்டியதில்லை. பதினைந்து வயதில் செய்யும் தவறுக்கு விலை குறைவு. முப்பத்தைந்தில் அது கடனாகவும் குடும்பச் சண்டையாகவும் வரும்.

காரைக்குடிப் பகுதிப் பள்ளித் தலைமையாசிரியர்களிடமும் பெற்றோரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்து பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை வரை ஏறத்தாழ இரண்டு மாதம் பிள்ளைகள் கையில் இருக்கிறது. அதை அடுத்த வகுப்பின் பாடத்துக்கோ நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கோ முன்பணமாகக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஊரிலேயே மின்வேதியியல் நிலையம் இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையாலேயே தரை ஓடுகள் செய்யும் ஆத்தங்குடிப் பட்டறைகள் பக்கத்தில் இருக்கின்றன. மரச் சிற்பிகள், கொட்டான் முடைபவர்கள், பழைய வீடுகளைச் செப்பனிடும் கொத்தனார்கள், கணக்கு எழுதும் கடைகள் இருக்கின்றன. ஒரு பிள்ளையை இவற்றில் மூன்று இடத்துக்காவது அனுப்புங்கள். வேடிக்கை பார்க்க அல்ல, பொறுப்பாக ஒரு வேலையை எடுத்துச் செய்து முடித்துக் கொடுக்க. முடித்து வந்ததும் எது பிடித்தது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். எதில் கஷ்டம் வந்தபோதும் விட மனம் வரவில்லை என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்ட பிறகு சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.